முப்பது லட்சம் பேருக்குப் பன்னிரண்டு மாவட்டமா? – மேகாலயா

9 ஜூன் 2024, கேள்வி

தேர்வுக்குப் படிக்கும்போது மேகாலயா வந்தது. 2011 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 29.67 லட்சம். நம் கோவை மாவட்டம் மட்டுமே 34.58 லட்சம். ஆனால் அங்கே 12 மாவட்டங்கள். அதில் ஒன்றுக்குப் பெயர் "கிழக்கு மேற்கு காசி மலை". பதவிகளை உண்டாக்குவதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது? ஒரு கலெக்டர் போதாதா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

நான் இருந்திருக்கிறேன் தம்பி. வங்கி வேலையில் ஐந்து வருடம். 2009 முதல் தலைநகர் ஷில்லாங், 2012 முதல் 2014 வரை காரோ மலையில் தூரா.

தலையை எண்ணினால் உங்கள் கேள்வி நியாயம்தான். ஆனால் அங்கே தலையை எண்ணி மாவட்டம் பிரிக்க முடியாது. பரப்பு 22,429 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் மலை, பள்ளத்தாக்கு, ஆறு. வரைபடத்தில் 30 கிலோமீட்டர் என்று தெரிவதைச் சாலையில் கடக்க அரை நாள் ஆகும். அங்கே மாவட்டம் என்றால், ஒரு கையெழுத்துக்காக வீட்டை விட்டுக் கிளம்பியவர் அன்றைக்கே வீடு திரும்ப முடியுமா என்பதுதான் கணக்கு.

12 மாவட்டத்துக்கும் ஆளுக்கொரு மாவட்ட மன்றம் உண்டு, தேர்தல் உண்டு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

10 ஜூன் 2024, காலை

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டேன். 12 மாவட்டத்துக்கு 12 மன்றம் கிடையாது, மூன்றுதான். காசி மலைக்கு ஒன்று ஷில்லாங்கில், ஜெயந்தியா மலைக்கு ஒன்று ஜோவாயில், காரோ மலைக்கு ஒன்று தூராவில். அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணைப்படி அமைந்த தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் இவை. தலா 30 உறுப்பினர்கள். பெயரில் "மாவட்டம்" இருப்பதால் எல்லோரும் குழம்புவார்கள். நானே ஐந்து வருடம் அங்கே இருந்தும் நேற்றுக் குழப்பினேன்.

சரி, முறையாகச் சொல்கிறேன். துணை ஆணையர் என்று ஒருவர் உண்டு, நம் ஊர்க் கலெக்டர் மாதிரி. அவருடைய மாவட்டங்கள்தான் 12. சட்டம் ஒழுங்கு, தேர்தல், பேரிடர், அரசுத் திட்டங்கள் அவர் கையில். மாவட்ட மன்றம் வேறு. நிலம், காடு, வழக்காற்றுச் சட்டம், ஊர்த்தலைவர் நியமனம் இவற்றில் சட்டம் போடும் உரிமை அதற்கு உண்டு. அதற்கும் கீழே மரபுவழித் தலைவர்கள்: காசியில் சியெம், ஜெயந்தியாவில் தோலோய், காரோவில் நோக்மா. ஒவ்வொரு காசி ஊரிலும் தொர்பார் ஷ்னோங் என்ற ஊர்ச் சபையும், ரங்பா ஷ்னோங் என்ற ஊர்த்தலைவரும்.

பஞ்சாயத்து ராஜ் அங்கே இல்லை. சாசனத்தின் ஒன்பதாம் பகுதி அந்தப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று 243எம் பிரிவே சொல்கிறது.

10 ஜூன் 2024, மாலை

பெயர்க் கதை. காசி என்றதும் கங்கைக்கரை நினைவுக்கு வரும். இது வேறு. காசி என்பது ஒரு மக்களின் பெயர். அவர்கள் பேசுவது ஆஸ்திரோ-ஆசிய மொழி. பக்கத்திலேயே இருக்கும் காரோ மொழி திபெத்-பர்மியக் குடும்பம். இரண்டு மொழிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒரே மாநிலத்துக்குள் தூராவுக்கு மாற்றலாகிப் போனபோது, ஷில்லாங்கில் மூன்று வருடம் கற்ற காசி வார்த்தை ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. நன்றி சொல்ல அங்கே "குப்லெய்", இங்கே "மித்தேலா".

"மேகாலயா" என்பது உள்ளூர்ச் சொல்லே இல்லை. சமஸ்கிருதப் பெயர், புவியியலாளர் எஸ்.பி.சாட்டர்ஜி வைத்தது. 1970 ஏப்ரல் 2இல் அசாமுக்குள் தன்னாட்சி மாநிலம், 1972 ஜனவரி 21இல் முழு மாநிலம். அப்போது இரண்டே மாவட்டங்கள். அடுத்த மாதமே ஜெயந்தியா தனியானது. 1976இல் காசியும் காரோவும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்தன. 1992இல் ரி-போயும் தெற்கு காரோவும் வந்தன. 2012இல் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலுமாக நான்கு. 2021 நவம்பர் 10இல் மேற்கு காசி மலையிலிருந்து அதன் கிழக்குப் பாதியைப் பிரித்தார்கள். மேற்கின் கிழக்கு. நீங்கள் சிரித்த அந்தப் பெயர் இப்படித்தான் வந்தது. தலைமையிடம் மைராங்.

மைராங்கை ஏன் பிரித்தார்கள் என்பதற்கு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மைராங் ஷில்லாங்குக்கு மேற்கே. மாவட்டத் தலைமையிடமான நோங்ஸ்டோயின் அதற்கும் மேற்கே. மைராங்காரர் தலைநகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைச்சாலையில் இன்னும் உள்ளே போய்க் கையெழுத்து வாங்கவேண்டும். அதுவே பொருள் வாங்க, வைத்தியம் பார்க்க, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க என்றால் எதிர்த்திசையில் ஷில்லாங்.

11 ஜூன் 2024

ஒரு நண்பர் சரியாகவே பிடித்தார்: மைராங்கில் முன்பே உட்கோட்ட அலுவலகம் இருந்ததே, எல்லாவற்றுக்கும் நோங்ஸ்டோயின் போக வேண்டியதில்லையே? ஆமாம், இருந்தது. நான் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன். சாதாரணச் சான்றிதழ்கள் உட்கோட்டத்திலேயே முடியும். துணை ஆணையர் மேசைக்குப் போகவேண்டியதுதான் அந்தப் பக்கம் போகும்.

ஆனாலும் இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. நான் நாமக்கல்காரன். 1997 ஜனவரி 1க்கு முன்னால் எங்களுக்கு மாவட்டம் சேலம். அப்பா ஒரு நில விவகாரத்துக்காக மாதம் ஒருமுறை போவார். விடியற்காலை பஸ், கையில் பழைய சோற்று டப்பா. "இன்னிக்கு அவர் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டு இருட்டிய பிறகு வருவார். சேலம் எங்களுக்கு வெறும் 50 கிலோமீட்டர், சமவெளி, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். அதற்கே அப்படி. நாமக்கல் தனி மாவட்டம் ஆனதற்கு நாங்கள் பட்டாசு வெடித்தது நினைவிருக்கிறது. அதனால் சின்ன மாவட்டத்தை யாராவது வீண்செலவு என்றால் எனக்குச் சட்டென்று கோபம் வரும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதவேண்டும்.

12 ஜூன் 2024

நாமக்கல் என்று எழுதியதும் ஞாபகம் வந்தது. மைராங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் கில்லாங் பாறை இருக்கிறது. பச்சைப் புல்வெளி நடுவே ஒற்றைக் கருங்கல் குன்று. முதல்முறை பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர்க் கோட்டைப் பாறையின் தம்பி மாதிரி இருந்தது.

அது வெறும் உருவ ஒற்றுமை இல்லை. ஷில்லாங் பீடபூமி இமயமலையைச் சேர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. அது தென்னிந்தியத் தீபகற்பப் பாறையின் துண்டு. நடுவில் மால்டா இடைவெளி என்று ஒரு பள்ளம் விழுந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல் அதை மூடிவிட்டது. அடியில் தொடர்ச்சி இருக்கிறது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறிப் போயும் காலடியில் நம் ஊர்ப் பாறையின் உறவு. வீட்டு நினைப்பு வரும்போதெல்லாம் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

12 ஜூன் 2024, இரவு

மழை பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

பாடப்புத்தகத்தில் சிரபுஞ்சி, உள்ளூரில் சோஹ்ரா. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் பெய்தது, அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை. ஆண்டுச் சராசரியில் பக்கத்து ஊரான மௌசின்ராம் முந்துகிறது, 11,872 மி.மீ. 2022 ஜூன் 17இல் அந்த ஊரில் ஒரே நாளில் 1,003.6 மி.மீ. பதிவானது. தமிழ்நாடு முழு வருடத்துக்கும் சராசரியாகப் பெறுவது 900க்குச் சற்று மேல்.

காரணம் நிலத்தின் அமைப்பு. பீடபூமியின் தென் விளிம்பு சுவர்போல நேராக வங்கதேசச் சமவெளியில் இறங்குகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மேகம் தடையே இல்லாமல் அந்தச் சமவெளியைக் கடந்து, சுவரில் மோதி, மேலே ஏறி, அங்கேயே கொட்டிவிடும். ஷில்லாங் அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் அங்கே மழை பல மடங்கு குறைவு.

சோஹ்ராவில் ஒரு ஜூலை மாதம் கண்ணால் பார்த்தது: வயலில் ஒரு அம்மா குனிந்து வேலை செய்கிறார். முதுகில் ஆமை ஓடு மாதிரி ஒன்று, தலையிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை மூடியிருக்கிறது. மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னியது. பெயர் க்னூப். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் குடை உதவாது. மழை அதன்மேல் விழும் சத்தம் தகரக் கூரையில் விழுவது போலில்லை, சருகின் மேல் விழுவது போல அடங்கிக் கேட்டது.

அதே சோஹ்ராவுக்கு ஜனவரியில் போனபோது, பெண்கள் ஊற்றடியில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். மழைக்காலத்தில் கொட்டுவது நிற்காமல் ஓடிவிடுகிறது. மேல்மண் அரித்துப்போய்க் கல்தான் மிச்சம், தண்ணீரைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. சென்னையில் வெள்ளத்தையும் லாரித் தண்ணீரையும் ஒரே வருடத்தில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சோஹ்ரா பக்கத்தில் மௌம்லூ என்ற குகை. அதன் சுண்ணாம்புப் படிவத்தை ஆராய்ந்துதான் 4,200 வருடங்களுக்கு முன் தொடங்கிய வறட்சியைத் தெளிவாகக் காட்டினார்கள். 2018இல் அதை வைத்து இப்போது நடக்கும் நிலவியல் காலத்துக்கே "மேகாலய யுகம்" என்று பெயரிட்டார்கள். நானும் நீங்களும் வாழ்வது அந்தக் காலத்தில். உலகிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்ப்பக்கத்துக் குகையில் வறட்சியின் கணக்கு எழுதியிருந்தது!

14 ஜூன் 2024

தாய்வழிச் சமூகம் பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். "பெண்கள் ஆட்சி" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊருக்குப் புதிதாகப் போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன், வீட்டுக்கு எழுதிய கடிதத்திலும் அப்படியே எழுதினேன். அது சரியில்லை.

காசியில் பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர். பூர்வீக வீடு கடைசி மகளுக்கு, அவளைக் கத்து என்பார்கள். ஆனால் அது விற்றுத் தின்னும் உரிமை இல்லை. வயதான பெற்றோரைப் பார்ப்பது, கல்யாணமாகாத அண்ணனுக்கு இடம் கொடுப்பது, சடங்குகளை நடத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. அந்த வீட்டில் பெரிய முடிவு என்றால் அம்மாவின் சகோதரர் வருவார். அவர் பெயர் உ க்னி. அட, இது நம் தாய்மாமன்தானே என்று எனக்குத் தோன்றியது. சீர் வைப்பதற்கு மட்டும் கூப்பிடும் மாமன் இல்லை, சொன்னால் சொன்னதுதான் என்ற மாமன்.

ஊர்ச் சபை என்று வந்தால் மரபுப்படி ஆண்கள்தான் உட்காருவார்கள். சொத்து பெண் பெயரில், பேச்சு ஆண் வாயில். ஷில்லாங்கில் எங்கள் தெருமுனை டீக்கடைக் கோங் ஒருமுறை சொன்னார்: "வீட்டுச் சாவி என் இடுப்பில்தான், ஆனால் தெருவில் குழாய் எங்கே போடுவது என்று என்னை யாரும் கேட்பதில்லை." கோங் என்றால் அக்கா. ஆண்களை "பா" என்பார்கள், அண்ணன் மாதிரி. அதிகாரியாக இருந்தாலும் பேருக்கு முன்னால் அதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

சந்தை மட்டும் சந்தேகமில்லாமல் பெண்களுடையது. ஷில்லாங்கின் இயூதூ சந்தைக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். கட்டம்போட்ட துணியைத் தோளில் முடிச்சுப் போட்ட பெண்கள் மிளகாய், மஞ்சள், கருவாடு, தேன், வெட்டுக்கத்தி என்று குவித்திருப்பார்கள். அந்தச் சந்தை நகராட்சியின் கையில் இல்லை, மில்லியெம் பகுதியின் மரபுத் தலைவரான சியெமின் கீழ் வருகிறது. நகரத்து நடுவில் அப்படி ஒரு ஏற்பாடு இன்னும் நடக்கிறது. அப்புறம், காசி வாரத்துக்கு எட்டு நாள். ஊர்ச் சந்தைகள் அந்த எட்டு நாள் முறையில் சுழலும். அதனால் போன வாரம் திங்கள்கிழமை கூடிய சந்தை இந்த வாரம் செவ்வாய்க்குப் போய்விடும். நான் முதல் வருடம் முழுக்க வெறும் மைதானங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

16 ஜூன் 2024

நிலப் பத்திரம் பற்றி எழுதாமல் மாவட்ட நிர்வாகம் பற்றி எழுதி என்ன பயன்? இது என் தொழிலோடு ஒட்டியது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தூராவில் ஒருவர் பன்றி வளர்ப்புக் கடனுக்கு வந்தார். மேலிடத்துப் படிவத்தில் பட்டா எண், வில்லங்கச் சான்று என்று கட்டங்கள். அவரிடம் இருந்தது ஒற்றைத் தாள். கோடுபோட்ட நோட்டிலிருந்து கிழித்தது, கையால் எழுதியது. கீழே ஊதா மையில் வட்ட முத்திரை, அதில் பாதி அழிந்திருந்தது. "இவர் எங்கள் ஆக்கிங்கில் இந்த ஓடைக்கும் அந்தப் பலா மரத்துக்கும் நடுவே குடியிருக்கிறார்" என்று நோக்மா எழுதிக் கொடுத்தது. அவ்வளவுதான் பத்திரம்.

அங்கே மலைப்பகுதியில் நம் ஊர்போல அளந்து எண்போட்ட புல வரைபடம் கிடையாது. காரோவில் நிலம் ஆக்கிங் என்ற பெயரில் ஒரு தாய்க்குலத்துக்குச் சொந்தம். காசியில் ரி ரய்த் என்பது ஊர்ப் பொது நிலம், ரி கிந்தி என்பது குலத்துக்கோ குடும்பத்துக்கோ உரியது. 1971 நிலமாற்றச் சட்டப்படி பழங்குடி அல்லாதவருக்கு அனுமதியில்லாமல் நிலம் கைமாற்ற முடியாது. நான் அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் அந்த அனுமதி இல்லாமல் ஒரு சென்ட் வாங்கியிருக்க முடியாது, அது சரிதான் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கோப்பை மேலிடம் இரண்டுமுறை திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறை நானே நேரில் போய்ப் பார்த்து, ஓடையையும் பலா மரத்தையும் குறிப்பில் எழுதி, நோக்மாவின் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தப் பயணத்தில்தான் கற்றுக்கொண்டேன்: நோக்மா என்று நான் கும்பிட்ட பெரியவர் உரிமையாளர் இல்லை. நிலம் அவர் மனைவியின் குலத்தில், மனைவி வழியாக வருகிறது. அவர் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்து, நிர்வாகம் பார்ப்பவர். அந்த அம்மா அடுப்படியில் உட்கார்ந்து நாங்கள் பேசியது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், வட்டி எவ்வளவு என்று. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

கடன் கிடைத்தது. ஒரு தவணைகூடத் தவறவில்லை.

17 ஜூன் 2024

ஊர்த்தலைவர் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று ஒரு வழக்கறிஞர் கேட்டார். அதில் சண்டை உண்டு. 2014 டிசம்பரில் மேகாலயா உயர் நீதிமன்றம், சட்ட அதிகாரம் இல்லாமல் ஊர்த்தலைவர்கள் தடையில்லாச் சான்று கொடுக்க முடியாது என்றது. பெரிய கொந்தளிப்பு. நான் அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். பிறகு நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதட்டும்.

18 ஜூன் 2024

12 மாவட்டம் வேண்டுமா என்ற கேள்விக்குத் திரும்ப வருகிறேன். என் பக்கத்திலேயே ஒரு சந்தேகம் உண்டு. 2012இல் ரெசுபெல்பாரா, அம்பாட்டி, க்ளிஹ்ரியாத், மௌகிர்வாட் நான்கும் தலைமையிடமாக ஆனபோது, பலகை மாட்டினால் மாவட்டம் வந்துவிடாது என்று தெரிந்தது. அலுவலர் இல்லை, கட்டடம் இல்லை. புது மாவட்டத்துக் கோப்பு கொஞ்ச காலம் பழைய மாவட்டத்து மேசைக்கே போனது. அங்கே வேலை முடியாமல் தூராவுக்கே வந்து நின்ற வாடிக்கையாளர்களை நான் பார்த்தேன். ஆக, பிரித்தது நல்லது, பிரித்த வேகத்தில் ஆள் போடாதது நல்லதில்லை.

இன்னொன்று. தெற்கு காரோ மலையில் 2011இல் வெறும் 1.42 லட்சம் பேர், கிழக்கு காசி மலையில் 8.26 லட்சம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மூடவேண்டிய பட்டியலில் தெற்கு காரோவும் வரும். ஆனால் அதன் தலைமையிடமான பாக்மாரா சிம்சாங் ஆற்றங்கரையில், வங்கதேச எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து தூராவுக்கு ஒருநாள் பொழுது போய்விடும். ஷில்லாங் பற்றிப் பேசவே வேண்டாம். தூராவிலிருந்தே ஷில்லாங் போக நாங்கள் மலையிறங்கி அசாமுக்குள் போய், கோல்பாரா வழியாக குவாஹாட்டி சேர்ந்து, மறுபடி மலையேறுவோம். சொந்த மாநிலத் தலைநகருக்குப் பக்கத்து மாநிலம் வழியாக! ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடிந்துதான் இறங்குவோம். நான் கிளம்பிய பிறகு, 2017இல், நோங்ஸ்டோயின் வழியாக மாநிலத்துக்குள்ளேயே போகும் சாலையைத் திறந்துவிட்டார்கள்.

19 ஜூன் 2024

தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அக்காவுக்குப் பாக்மாராவில் வேலை கிடைத்து, அம்மா பயந்துபோய்த்தான் இத்தனை கேள்வியா? "ஒரே கலெக்டர் போதாதா" என்று நீங்கள் கேட்ட இடத்தில்தான் உங்கள் அக்கா குடியிருக்கப் போகிறார்.

பயப்பட ஒன்றுமில்லை. குவாஹாட்டியில் இறங்கி நேரே தூரா போகட்டும், ஷில்லாங் சுற்றவேண்டாம். தூராவில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் பாக்மாரா வண்டி. ஜூலையில் போவதாக இருந்தால் துணிகளை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மலைச்சரிவு விழுந்து பாதை அடைத்தால் வண்டியிலேயே காத்திருக்கலாம், பக்கத்து ஊர்க்காரர்கள் டீ கொண்டுவருவார்கள், எனக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் வங்காலா வரும், அறுவடைத் திருவிழா. நீள முரசுகளை வரிசையாக அடித்து ஆடுவதை அவர் தவறவிடக்கூடாது.

வேலை நிமித்தம் ஷில்லாங் போக நேர்ந்தால், அங்கே எந்த வீட்டிலும் முதலில் க்வாய் கொடுப்பார்கள். வெற்றிலை, சுண்ணாம்பு, பச்சைப் பாக்கு. நம் தாம்பூலம்போல்தான் இருக்கும், ஆனால் நம் ஊர்க் காய்ந்த பாக்கு என்று நினைத்து வாயில் போட்டால் காது மடல் சூடாகி நெற்றி வியர்க்கும். கால் பாக்கு போதும். இறந்தவரைக் காசிகள் "கடவுளின் வாசலில் பாக்கு மெல்லப் போயிருக்கிறார்" என்பார்கள். அதனால் மறுக்காமல் இரு கையாலும் வாங்கிக்கொள்ளட்டும்.

பாக்மாராவில் வீடு, இடம் எதற்காகவாவது நோக்மாவைப் பார்க்கப் போனால், அவர் மனைவிக்கும் தனியாக வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். அடுப்படியில்தான் இருப்பார்.